விமான ஜன்னலில் துளை இருந்தால் ஆபத்தா?

கேள்வி: அண்மையில் விமானத்தில் சென்றபோது, என் பக்கத்து ஜன்னலின் அடியில் ஊசியால் குத்தியதுபோல் ஒரு துளையும் சில கீறல்களும் தெரிந்தன. 1950களில் பறந்த பிரிட்டிஷ் ஜெட் பயணிகள் விமானங்களான காமெட்டுகள் ஜன்னல் உடைந்து விழுந்தன என்று படித்திருந்ததால் வழியெல்லாம் நிம்மதியில்லை. பணியாளர்களிடம் சொல்லியிருக்க வேண்டுமா?

பதில்: அந்தத் துளையை வேண்டுமென்றேதான் போட்டிருக்கிறார்கள். ஜன்னலில் மூன்று அடுக்குகள் உண்டு. காற்றழுத்தத்தைத் தாங்குவது வெளி அடுக்கு. நடு அடுக்கு அதற்கு மாற்றாள். துளை இருப்பது நடு அடுக்கில். இரு பக்க அழுத்தத்தையும் சமன்செய்து, பனி படியாமலும் காக்கிறது. நம் கை படும் மெல்லிய தகடு எந்தச் சுமையையும் தாங்குவதில்லை; கீறல்கள் பெரும்பாலும் அதில்தான் விழும்.

காமெட்டில் கண்ணாடி உடையவில்லை. 1954 ஜனவரி 10 அன்று ரோமிலிருந்து கிளம்பிய காமெட் இத்தாலியின் எல்பா தீவருகே கடலில் விழுந்து 35 பேர் இறந்தார்கள். நிறுத்திவைத்த காமெட்டுகளைக் காரணம் தெரியாமலேயே மார்ச் மாதம் மீண்டும் பறக்க விட்டார்கள். ஏப்ரல் 8 அன்று இன்னொன்று நேப்பிள்ஸ் அருகே விழுந்தது, 21 பேர். இந்த இரண்டாவது விபத்தை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் ஆறுவதில்லை.

பிரிட்டனின் ஃபார்ன்பரோ விமான ஆய்வு நிலையத்தில் ஆர்னல்ட் ஹால் தலைமையிலான குழு, ஒரு முழு காமெட்டின் உடலைத் தொட்டியில் வைத்து, உள்ளும் புறமும் தண்ணீர் நிரப்பியது. காற்றை அடைத்துச் சோதித்தால், கிழியும்போது குண்டுபோல் வெடித்துத் தடயமே மிஞ்சாது. தண்ணீர் அமுங்காது, கிழிந்த கணமே அழுத்தம் விழுந்துவிடும், விரிசல் தொடங்கிய இடம் அப்படியே நிற்கும். அழுத்தத்தை ஏற்றி இறக்கிக்கொண்டே இருந்தார்கள். ஏற்கெனவே பறந்த 1,221 முறையோடு தொட்டியில் 1,836 முறையும் சேர்ந்தபோது தகடு கிழிந்தது. எல்பாவில் விழுந்த விமானமோ 1,290 பயணங்களையே கண்டிருந்தது.

கம்பியைத் திரும்பத் திரும்ப வளைத்தால் ஒடிவதுபோல், உலோகமும் களைத்துப்போகிறது. திறப்புகளின் மூலைகளில்தான் விசை குவியும். எல்பா அருகே கடலடியிலிருந்து கடற்படை மீட்ட கூரைத் தகட்டில், விரிசல் பயணிகளின் ஜன்னலில் தொடங்கவில்லை. ஆன்டெனாவுக்காகக் கூரையில் வெட்டிய திறப்பின் மூலையருகே தொடங்கியிருந்தது. 1958இல் சேவைக்கு வந்த காமெட் 4 வட்ட ஜன்னல்களோடு பறந்தது.

இன்று ஒவ்வொரு விமானமும் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று கணக்கு வைத்து, அதன்படி உடல் தகட்டில் விரிசல் தேடுகிறார்கள். துளைக்காக நீங்கள் யாரையும் அழைக்க வேண்டியதில்லை. வெளி அடுக்கில் நீளமாக ஓடும் விரிசலைக் கண்டால் மட்டும் தயங்காமல் பணியாளரை அழைத்து, இருக்கை எண்ணைச் சொல்லிக் காட்டுங்கள்.