பி மதிப்பு 0.03 வந்தால் 97 சதவீதம் உண்மையா?

உங்கள் ஆய்வில் பி மதிப்பு 0.03 வந்ததால், தூக்கம் குறைந்தால் பதற்றம் கூடும் என்பது 97 சதவீதம் உறுதி என்று ப்ராஜெக்ட்டில் எழுதலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம், வைவாவில் முதல் கேள்வியே அங்கேதான் விழும். தொடர்பே இல்லை என்று வைத்துக்கொண்டால்கூட இந்த அளவோ இதைவிடப் பெரிதாகவோ ஒரு தொடர்பு தற்செயலாக வர 3 சதவீத வாய்ப்பு, அவ்வளவுதான் அந்த பி மதிப்பு சொல்வது. கருதுகோள் உண்மையா என்பதை அது அளக்காது என்று அமெரிக்கப் புள்ளியியல் சங்கமே 2016-ல் அறிக்கை விட்டிருக்கிறது.

எனக்கு உறுத்துவது உங்கள் ஆர் மதிப்புதான், அதாவது தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் உள்ள தொடர்பு எவ்வளவு வலுவானது என்று -1 முதல் 1 வரை காட்டும் எண். 150 பேர், -0.18. வர்க்கம் எடுத்தால் 0.03 சொச்சம், அதாவது பதற்ற மதிப்பெண்களின் ஏற்ற இறக்கத்தில் 3 சதவீதம்தான் தூக்கத்தோடு சேர்ந்து போகிறது. 95 சதவீத நம்பிக்கை இடைவெளி, அதாவது உண்மையான ஆர் இருக்கக்கூடிய வரம்பு, -0.33 முதல் -0.02 வரை வரும், பூஜ்ஜியத்தை உரசிக்கொண்டு. அதையும் அட்டவணையில் போட்டுவிடுங்கள்.

அப்புறம், காட்பாடி ஹாஸ்டலில் மே மாதம் எடுத்த டேட்டா என்கிறீர்கள். கத்திரி வெயிலில் ஃபேனே அனலைக் கொட்டும்போது வேலூரில் யார்தான் தூங்குவார்கள்? கூடவே செமஸ்டர் தேர்வு வேறு, அது தூக்கத்தையும் கெடுக்கும், பதற்றத்தையும் கூட்டும். அதனால் 'தூக்கமின்மையே காரணம்' என்ற வரியை எடுத்துவிடுங்கள். தேர்வுக்கு எத்தனை நாள் இருந்தது என்று ஃபார்மில் கேட்டிருந்தால், அதைக் கட்டுப்படுத்தி பகுதி ஒட்டுறவு (partial correlation) ஒன்று ஓட்டிப் பாருங்கள், அதாவது தேர்வின் பாதிப்பைக் கழித்துவிட்டு தூக்கத்துக்கும் பதற்றத்துக்கும் மிஞ்சும் தொடர்பு. எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளியியல் மென்பொருளிலேயே இருக்கிறது.