தடக் தடக் எங்கே போனது?

கேள்வி: ரயிலில் முன்பு கேட்ட ‘தடக் தடக்’ சத்தம் இப்போது ஏன் குறைந்துவிட்டது? அதை எண்ணி வேகத்தைக் கண்டுபிடிக்க முடியுமாமே?

பதில்: அது தண்டவாள இணைப்புகளின் சத்தம். 13 மீட்டர் தண்டவாளம், வெப்பம் 40 டிகிரி கூடினால் சுமார் 6 மில்லிமீட்டர் நீளும். அதற்காகவே இரண்டு துண்டுகளுக்கு நடுவே சிறு இடைவெளி விட்டு, பக்கத்துக்கு ஒரு ஃபிஷ்பிளேட் (இணைப்பு இரும்புப் பட்டை) வைத்து போல்ட் போட்டார்கள். சக்கரம் இடிக்க இடிக்க முனை நசுங்கும், போல்ட் தளரும். ஓயாத பராமரிப்பு!

இப்போது துண்டுகளைப் பற்றவைத்து விடுகிறார்கள். நீள முடியாத தண்டவாளத்தை ஸ்லீப்பரும் (அடியில் குறுக்கே கிடக்கும் கட்டை) ஜல்லியும் இறுக்கிப் பிடித்துக்கொள்கின்றன. ஜல்லி குறைந்த இடத்தில் கடும் வெயிலடித்தால் தண்டவாளம் பக்கவாட்டில் நெளியும். கடுங்குளிரில் விரிசல் விடும்.

பழைய பாதையில் வேகம் பார்ப்பது சுலபம். தண்டவாளம் 13 மீட்டர் என்றால், 47 விநாடிகளில் எத்தனை தடக்குகளோ அதுவே மணிக்கு அத்தனை கிலோமீட்டர். அடுத்தடுத்த இரண்டு சக்கரங்கள் எழுப்பும் ‘தட-தட’வை ஒன்றாக எண்ணுங்கள். பெட்டியின் ஒரு முனையில், சக்கரங்களுக்கு மேலே உட்காருங்கள். நடுவில் இருந்தால் இரு முனைச் சத்தமும் கலந்து கணக்கு இரட்டிப்பாகிவிடும்.

கேள்வி: குலுக்கல் குறைவான இருக்கை எது?

பதில்: எண்ணுவதற்கு ஆகாத அந்த நடு இருக்கைதான். சக்கரத்தின் அதிர்வு அங்கே குறைவு, கதவுச் சத்தமும் எட்டாது.