81 ரூபாய் பங்கு

(கடிதம் எழுதியவர் பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்.)

அன்புள்ள அண்ணனுக்கு,

தொண்டிக்குப் பக்கத்தில் ஒரு கடற்கரை ஊரிலிருந்து எழுதுகிறேன். பி.எட். முதலாம் ஆண்டு படிக்கிறேன். தம்பி எட்டாம் வகுப்பு. அவனைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

அப்பா விசைப்படகில் கூலிக்குப் போகிறார். போன வருஷம் மீன்பிடித் தடைக்காலத்தில் வீட்டில் பணமுடை. நாட்டுப்படகுக்குத் தடை இல்லை என்பதால் தம்பி லீவில் மாமாவின் வத்தையில் நண்டு வலைக்குப் போக ஆரம்பித்தான். ஜூனில் பள்ளி திறந்தது. அவன் மனசு மட்டும் திரும்பி வரவில்லை. வாரத்தில் இரண்டு நாள் மட்டம். அரையாண்டில் கணக்கு 100க்கு 11. பாஸானால் போன் வாங்கித் தருவதாக அப்பா சொன்னார். ஒரு வாரம் புத்தகத்தைத் தொட்டான். இப்போது “போனை முதல்ல குடுங்க, அப்புறம் படிக்கிறேன்” என்கிறான். ஆனால் கடலுக்கு என்றால் காலை 4 மணிக்கு யாரும் எழுப்பாமல் எழுந்துவிடுகிறான். சேர்க்கையும் அப்படித்தான், நாலு பயல்கள், நாலு பேரும் கடலுக்குப் போகிறவர்கள்.

எனக்குப் புரியாத விஷயம் ஒன்று. கரையில் நின்று “ஒன்பதே கால் கிலோ, கிலோ 420, செலவு 645, நாலு பங்கு” என்றால், மாமா வாயைத் திறக்கும் முன்னே பங்கு 810 என்று சொல்லிவிடுவான். அதே 3240-ஐ 4-ஆல் வகுக்கச் சொல்லி நோட்டில் எழுதிக் கொடுத்தேன். 81 என்று போட்டான். “கடலுக்குப் போற பயதானே, உனக்கு எதுக்குடா இதெல்லாம்” என்று ஆசிரியர் வகுப்பில் எல்லார் முன்னாலும் சொன்னாராம்.

பியாஜே, வைகாட்ஸ்கி, எரிக்சன், மாஸ்லோ என்று உளவியல் அறிஞர்களின் கோட்பாடு எல்லாவற்றையும் பத்து மதிப்பெண் விடையாக மனப்பாடம் செய்து வைத்திருக்கிறேன். என் தம்பி அதில் எதிலுமே இல்லை. எந்தக் கோட்பாடுதான் சரி? அவனுக்குப் படிப்பில் ஆசையை எப்படி உண்டாக்குவது?

எஸ்.

*

அன்புள்ள தங்கைக்கு,

கடிதத்தைப் படித்ததும் உங்கள் கேள்வியை விட்டுவிட்டு அந்த நண்டுக் கணக்கைத்தான் போட்டுப் பார்த்தேன். எனக்குக் காகிதம் தேவைப்பட்டது.

தம்பி எப்படிப் போட்டிருப்பான் என்று ஓர் ஊகம். ஒன்பது கிலோவுக்கு 3780, கால் கிலோவுக்கு 105. செலவு போக 3240. பாதி 1620, அதில் பாதி 810. கரையில் எல்லோரும் இப்படித்தான் போடுகிறார்கள், என் அப்பாவும் இப்படித்தான் போடுவார். நோட்டில் வேறு கதை. 32-இல் நாலு எட்டு தடவை, 4-இல் ஒரு தடவை, மிச்சம் சைபர்தானே, சைபர் என்றால் ஒன்றுமில்லைதானே என்று பேனாவை மூடிவிட்டான். 81 ரூபாய் பங்கு என்று மாமா அவன் கையில் கொடுத்திருந்தால் சும்மா வாங்கிக்கொண்டு வந்திருப்பானா? நோட்டில் இருக்கும் 81 ரூபாய் இல்லை. அது எதுவுமே இல்லை. அதனால்தான் அதன்மேல் அவனுக்குச் சந்தேகம்கூட வரவில்லை.

இது உங்கள் வீட்டு விசித்திரம் இல்லை. பிரேசிலின் ரெசிஃபே நகரத்துத் தெருக்களில் வியாபாரம் செய்த 5 பிள்ளைகளை வைத்து மூன்று ஆய்வாளர்கள் 1985-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பிள்ளைகளுக்கு வயது 9 முதல் 15. வாடிக்கையாளர் மாதிரிப் போய்க் கணக்குக் கேட்டபோது 98 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். அதே எண்களை வெறும் கணக்காகக் கொடுத்தபோது 37 சதவீதம். இளநீர் விற்ற 12 வயதுப் பையனிடம் ஒன்று 35 என்றால் பத்து எவ்வளவு என்று கேட்டிருக்கிறார்கள். பள்ளியில் பத்தால் பெருக்க ஒரு சைபர் போதும். அவன் அதைத் தொடவில்லை. மூன்றுக்கு 105, இன்னும் மூன்று சேர்த்தால் 210, பிறகு 315, கடைசியில் 350 என்று படி ஏறினான். பாதியில் பாதி எடுக்கிற உங்கள் தம்பிக்கு அவன் சொந்தக்காரன்தான்.

பொருளாதார அறிஞர்கள் அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்ளோ உள்ளிட்ட குழு கொல்கத்தா, டெல்லி சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளிடம் இதையே பெரிய அளவில் பார்த்து 2025-இல் வெளியிட்டார்கள். சந்தைப் பிள்ளைகள் ஏட்டுக் கணக்கில் தடுமாறினார்கள். ஆனால் சந்தையே அறியாத பள்ளிப் பிள்ளைகளும் சந்தைக் கணக்கில் தடுமாறினார்கள். இந்த இரண்டாவது பாதியைப் பெரிதாக யாரும் பேசுவதில்லை. அந்தப் பள்ளிப் பிள்ளைகளை மக்கு என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள்.

சரி, ஆசைக்கு வருகிறேன். காலை 4 மணிக்குத் தானே எழுகிற பையனுக்கு ஆசை குறைவு என்று எப்படிச் சொல்வது? ஆசை என்பது டீசல் மாதிரி உள்ளே ஊற்றுகிற சமாச்சாரம் என்றுதான் நாம் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உளவியலாளர்கள் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் இருவரும் அதை வேறு மாதிரிப் பார்த்தார்கள். மனிதனுக்கு மூன்று வேண்டும்: தன் முடிவு, தன் திறமை, தன் ஆட்கள். இந்த மூன்றும் கிடைக்கிற இடத்தில் ஊக்கம் தானாக நிற்கும். வத்தையில் முன்னால் நின்று வலையின் மிதப்பைத் தேடிப் பிடிப்பது தம்பியின் வேலை. நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் இழுக்கிறது என்று மாமா அவனிடம் கேட்கவும் கூடும். வலை சிக்கினால் அந்த நிமிஷமே தெரிந்துவிடும், அரையாண்டுவரை காத்திருக்க வேண்டாம். கரைக்கு வந்தால் அந்த நாலு பயல்கள். வகுப்பறையில் இந்த மூன்றில் எது இருக்கிறது? விரல் விட்டு எண்ணிப் பாருங்கள். எனக்கு ஒன்றும் அகப்படவில்லை.

எரிக்சனை நீங்கள் ‘ஆறு முதல் பன்னிரண்டு வயது, உழைப்பா தாழ்வுணர்ச்சியா’ என்று எழுதி வைத்திருப்பீர்கள். ஒரு காரியத்தைச் செய்து முடித்து ‘நான் ஒரு ஆள்’ என்று உணர்கிற பருவம் அது. அந்தப் பயிற்சி எல்லா ஊரிலும் பள்ளிக்கூடத்தில்தான் நடக்க வேண்டும் என்று எரிக்சன் சொல்லவில்லை. பெரியவர்களின் கருவியைப் பிடித்துப் பழகுவதும் அதில் சேர்த்தி. தம்பி வத்தையில் அந்தப் பருவத்தைத் தேறிவிட்டான். பள்ளியில் அதே பருவத்தில் தோற்றுக்கொண்டிருக்கிறான். ஒரே பையன், ஒரே வருஷம், இரண்டு ரிசல்ட். தம்பி கோட்பாட்டில் இல்லை என்கிறீர்கள். கோட்பாட்டில் இருக்கிறான், உங்கள் நோட்ஸில்தான் இல்லை.

போன் விஷயம். மார்க் லெப்பரும் சகாக்களும் 1973-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. படம் வரைவதில் விருப்பமுள்ள சின்னப் பிள்ளைகளிடம், வரைந்தால் தங்க நட்சத்திரம் ஒட்டிய சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொன்னார்கள். சொன்னபடி கொடுத்தார்கள். ஒன்றிரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிட ஏறக்குறைய பாதி நேரம்தான் பேனாவைத் தொட்டார்கள். சொல்லாமல் திடீரென்று சான்றிதழ் கொடுத்த பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பரிசு கெடுக்கவில்லை, பேரம் கெடுத்தது. தம்பிக்குக் கணக்கில் ஏற்கெனவே விருப்பம் இல்லையே, கெடுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் கேட்டால் அது நியாயமான கேள்விதான், இந்த ஆய்வை வைத்து அதற்குப் பதில் சொல்லவும் முடியாது. ஆனால் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஒரு வாரம். அப்புறம் முன்பணம் கேட்கிறான். படகு முதலாளியான சம்மாட்டியிடம் முன்பணம் வாங்கித் தொழிலுக்குப் போகிறவர்களைப் பார்த்து வளர்ந்த பிள்ளை வேறு எப்படிக் கேட்பான்!

‘முயன்றால் முடியும்’ என்று சுவரில் சார்ட் ஒட்டச் சொல்லிப் பயிற்சியில் சொல்லிக்கொடுப்பார்கள். உளவியலாளர் கரோல் டுவெக்கின் வேலையிலிருந்து வந்தது. பின்னால் பெரிய அளவில் சோதித்தபோது பலன் சின்னதாகத்தான் இருந்தது. ஒட்டுங்கள், கெடுதல் இல்லை.

நாலு பயல்களைப் பற்றி நீங்கள் எழுதிய தொனி எனக்குப் பிடிக்கவில்லை. ஜூடித் ரிச் ஹாரிஸ் என்ற அம்மையார் இருந்தார். 1960-இல் ஹார்வர்டில் உளவியல் முனைவர் படிப்புக்குத் தகுதியில்லை என்று அவரை வெளியே அனுப்பினார்கள். வெளியே அனுப்பிய கடிதத்தில் கையெழுத்துப் போட்டவர் அங்கிருந்த உளவியலாளர் ஜார்ஜ் மில்லர். ஹாரிஸ் வீட்டில் இருந்தபடி பாடநூல் எழுதினார். ஒரு நாள், தான் எழுதிக்கொண்டிருப்பதைத் தானே நம்பவில்லை என்று தோன்றி, 1995-இல் ஒரு கட்டுரை போட்டார். பிள்ளையை வடிவமைப்பது அப்பா அம்மாவின் வளர்ப்பைவிட வீட்டுக்கு வெளியே இருக்கும் கூட்டாளிக் கூட்டம்தான் என்றார். அந்தக் கட்டுரைக்கு ஒரு விருது கிடைத்தது. விருதின் பெயர் ஜார்ஜ் மில்லர் விருது! ஹாரிஸ் சொன்னதை முழுக்க ஏற்றுக்கொள்ளாதவர்கள் நிறையப் பேர், நானும் அதில் ஒருவன். பெற்றோருக்கு அவர் கொடுத்த பங்கு ரொம்பக் குறைவு. ஆனால் 13 வயதுப் பையனிடம் ‘அந்தப் பயல்களை விட்டுட்டு வா’ என்றால், படிப்பு என்பது கூட்டாளிகளைக் காட்டிக்கொடுக்கிற வேலை என்று ஆகிவிடும். நாலு பேரையும் உங்கள் வீட்டுத் திண்ணைக்குக் கூப்பிடுங்கள். ஒருத்தனைப் படிக்க வைப்பதைவிட நாலு பேரைப் படிக்க வைப்பது சுலபம், நம்பமாட்டீர்கள்.

திண்ணையில் வைகாட்ஸ்கி உதவுவார். அவர் சொன்ன உதாரணம் இது. இரண்டு பிள்ளைகள், தனியாகச் செய்தால் இரண்டு பேரும் எட்டு வயது அளவு. கொஞ்சம் கைகொடுத்தால் ஒருவன் பன்னிரண்டு வயது அளவுக்குப் போகிறான், இன்னொருவன் ஒன்பதோடு நிற்கிறான். அப்படியென்றால் இரண்டு பேரும் சமமா? தனியாக எழுதின தேர்வில் 11 வாங்கியவன் நீங்கள் பக்கத்தில் இருந்தால் எங்கே போவான் என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. (சாரம் கட்டுவது மாதிரி உதவுவது என்று உங்கள் நோட்ஸில் வைகாட்ஸ்கி பெயரில் ஒரு சொல் இருக்கும். அது அவருடையது இல்லை, 1976-இல் உட், புரூனர், ராஸ் எழுதியது. தேர்வில் மாற்றி எழுதிவிடாதீர்கள், திருத்துகிறவர்கள் சொல்லைத்தான் தேடுவார்கள்.)

அப்புறம் வகுப்பில் சொன்ன அந்த வாக்கியம். அதைப் படித்தபோது கையில் இருந்த டீயை வைத்துவிட்டேன். நான் படித்த பள்ளியில் கடற்கரைப் பிள்ளைகளுக்குக் கடைசி பெஞ்சு. மீன் நாற்றம் என்று காரணம். காலையில் குளித்துவிட்டுப் போனாலும் அதே பெஞ்சுதான். கணக்கு வருகிறதா வராதா என்பதெல்லாம் அப்புறம், முதலில் நான் எந்த வரிசை என்பதுதான் தெரிந்தது. ராமநாதபுரம் மாவட்டத்தில் படிப்பைப் பற்றி எழுதினால் கலாமைத் தவிர்க்க முடியாது போலிருக்கிறது. ராமேஸ்வரத்துத் தொடக்கப் பள்ளியில் புதிதாக வந்த ஆசிரியர் அவரைப் பின்வரிசைக்கு அனுப்பியதையும், கூட உட்கார்ந்திருந்த நண்பனின் தந்தை லட்சுமண சாஸ்திரி அந்த ஆசிரியரைக் கூப்பிட்டுக் கண்டித்ததையும் அவரே சொல்லியிருக்கிறார். எங்களுக்காகக் கண்டிக்க யாரும் வரவில்லை. உத்தரப் பிரதேசத்தில் கர்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் கிராமத்துப் பையன்களுக்கு வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். யார் என்ன சாதி என்று அறிவிக்காதபோது எல்லோரும் ஏறக்குறைய சமமாகவே செய்தார்கள். சாதியைச் சொல்லிக் கூப்பிட்டதும் ஒடுக்கப்பட்ட பையன்கள் பின்தங்கினார்கள். புதிர் மாறவில்லை, பையன்களும் மாறவில்லை. ‘கடலுக்குப் போற பயதானே’ என்பதும் அப்படி ஓர் அறிவிப்புதான்.

இதற்கு நீங்கள் தனியாகப் போய்ச் சண்டை போடவேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு மாமாவைக் கூட்டிக்கொண்டு போங்கள். அப்பா கடலில் இருப்பார். மாமா அந்தப் பள்ளிக்கூட வாசலை மிதித்தே வருஷக்கணக்கு ஆகியிருக்கும். தம்பியின் இரண்டு உலகமும் ஒன்றையொன்று பார்த்ததில்லை. உளவியலாளர் யூரி புரோன்ஃபென்பிரென்னர் வட்டத்துக்குள் வட்டமாகப் போட்ட படத்தை நீங்கள் வரைந்திருப்பீர்கள். அதில் பிள்ளை ஒரு நாளும் கால்வைக்காத இடம்கூடப் பிள்ளையைப் பாதிக்கும் என்று ஒரு வட்டம் உண்டு. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு நிற்கிறது. முன்பு 45 நாளாக இருந்தது, 2017-இல் 61 ஆக்கினார்கள். மீன் இனம் பெருக வேண்டியதற்காக எங்கேயோ எடுத்த முடிவு, அதற்கு நியாயமும் இருக்கிறது. உங்கள் வீட்டில் அதன் பலன், ஒரு பையன் வத்தையில் ஏறினான். அவனைச் சோம்பேறி என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.

அதற்காக அனுப்பிக்கொண்டே இருங்கள் என்று நான் சொல்லவில்லை. 13 வயதில் இருட்டோடு கடலுக்குப் போவது எனக்கு ஒப்பில்லை. பாக் நீரிணையில் காற்று திரும்ப நேரம் ஆகாது, எல்லைத் தகராறு வேறு. லீவு நாளில், பகலில், கரையில் வலையிலிருந்து நண்டு எடுக்கட்டும், எடை போடட்டும். அதையும் ஒரேயடியாகப் பிடுங்கினால் அவன் ஆளாக இருக்கிற ஒரே இடமும் போய்விடும். மாமாவிடம் பேசி, வத்தையின் வரவு செலவு நோட்டைத் தம்பி கையில் கொடுக்கச் சொல்லுங்கள். வாயால் போடுகிற கணக்கை எழுதவேண்டி வரும். மாமாவுக்கும் நிஜமாகவே அது தேவை, சும்மா பிள்ளைக்காகக் கண்டுபிடித்த வேலை என்றால் அவன் மோப்பம் பிடித்துவிடுவான்.

இன்று சாயங்காலமே ஒன்று செய்யலாம். 81 போட்ட அந்தப் பழைய நோட்டைச் சிவப்பு மையால் அடிக்காமல் எடுத்து வையுங்கள். நாலு பயல்களும் இருக்கும்போது அவனிடம் காட்டி, “ஒன்பதே கால் கிலோ நண்டுக்கு மாமா உனக்கு 81 ரூபாய் பங்கு குடுத்திருக்காரு போல” என்று மட்டும் கேளுங்கள். என்ன சொன்னான் என்று எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அண்ணன்