நல்ல சினிமா, டிவி தயாரிப்பாளராக இருக்கப் பணம் மட்டும் போதுமா?

போதாதுங்க. பணம் போட்ட அப்புறம்தான் தயாரிப்பாளரின் வேலையே ஆரம்பிக்கிறது. எங்கள் கொங்குப் பக்கத்திலேயே டி. ஆர். சுந்தரம் என்ற தயாரிப்பாளர் இருந்தார். சேலத்தில் அவர் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் என்ற பட நிறுவனம் 100 படங்களுக்கு மேல் எடுத்தது. 1956-இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப் படத்தையும் தந்தது. நேரத்திலும் செலவிலும் அவர் காட்டிய கண்டிப்பை இன்றும் வியந்து பேசுகிறார்கள்.

பொள்ளாச்சித் தோப்பில் ஷூட்டிங், மழை பிடித்துக்கொண்டது என்று வையுங்கள். படக்குழு சும்மா உட்கார்ந்தாலும் பேட்டா என்கிற தினப்படி, வண்டி வாடகை, கேமரா வாடகை எல்லாம் ஏறிக்கொண்டே இருக்கும். பக்கத்திலேயே ஒரு வீடு பேசி, உள்ளே எடுக்கும் காட்சியைக் கையில் வைத்திருப்பவர் தப்பிப்பார். தினசரி சீரியல் என்றால் முடித்த எபிசோடுகள் கையிருப்பில் இருக்க வேண்டும்.

ஒரு தயாரிப்பாளரிடம் நான் முதலில் பார்ப்பது ஒன்றைத்தான்: லைட்மேனுக்குச் சம்பளம் சொன்ன நாளில் போகிறதா?