மரப்பட்டறை கேள்வி-பதில்: இழுத்து, இறக்கி, தள்ளி வெட்டுங்கள்

கேள்வி: அக்கா, வீட்டுக்கு வேண்டிய புத்தக அலமாரி, ஷூ ரேக், பெஞ்சு எல்லாம் நானே செய்துகொள்ள ஆசை. இதுவரை கைரம்பம்தான். ஸ்லைடிங் காம்பவுண்ட் மைட்டர் சா (பிளேடு முன்னும் பின்னும் சறுக்கி, பக்கவாட்டில் திரும்பி, சாய்ந்தும் வெட்டும் ரம்ப மெஷின்) வாங்கலாம் என்று பார்த்தால் பிளேடு அளவே எட்டரை அங்குலம், பத்து, பன்னிரண்டு என்று வரிசையாக இருக்கின்றன. சில மெஷின்கள் ஒரு பக்கம் மட்டும் சாய்கின்றன, சில இரண்டு பக்கமும். எதை எடுப்பது?
(அலமாரிக் கனவோடு ஒரு வாசகி)

பதில்: கடைக்குப் போவதற்கு முன்னால், செய்ய நினைக்கும் சாமான்களில் வரும் பலகைகளின் அகலத்தையும் கனத்தையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பாதிக் கேள்விக்கு அந்தத் தாளே பதில் சொல்லிவிடும்.

சறுக்காத சாதாரணப் பத்து அங்குல மெஷின் நேர் வெட்டில் ஏறக்குறைய 140 மி.மீ. அகலம்தான் வெட்டும். அலமாரித் தட்டுக்கு 250, 280 என்று தேவைப்படும்போது அது போதாது. தலைப்பகுதி தண்டில் முன்னும் பின்னும் சறுக்கும் வகையில் அதே பிளேடு 300 மி.மீ. அளவுக்கு வெட்டும். எட்டரை அங்குலம், அதாவது 216 மி.மீ. பிளேடு போட்ட சறுக்கும் மெஷின்களிலும் பல இதே 300-ஐத் தொடுகின்றன. வித்தியாசம் கனத்தில்தான். சின்ன பிளேடு 60 முதல் 70 மி.மீ. கனம் வரை வெட்டும், பத்து அங்குலம் 80, 90 வரை போகும். நீங்கள் சொல்லும் பட்டியலில் பெஞ்சுக் காலைத் தவிர எதுவும் 50 மி.மீ. தாண்டாது. அதனால் உங்களுக்கு 216 போதும் என்பது என் எண்ணம். எடை குறைவு, எடுத்து வைக்க எளிது, சின்ன பிளேடு அதிராமல் ஓடும்.

ஒன்றைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 300 என்பது நேர் வெட்டுக்கான அளவு. 45 டிகிரிக்குத் திருப்பினால் அது 210 பக்கம் வந்துவிடும்.

இரண்டு பக்கமும் சாய்வது வசதிதான். ஒரு முகத்தில் மட்டும் வேலைப்பாடு உள்ள பட்டிகளைத் திருப்பிப் போட முடியாது, அங்கே அது கைகொடுக்கும். அலமாரிக்கும் பெட்டிக்கும் பலகையைத் திருப்பிப் போட்டு வெட்டிவிடலாம். நான் முதல் ஆறு வருடம் ஒரு பக்கம் சாயும் மெஷினில்தான் வேலை செய்தேன். குறை தெரியவில்லை.

இடத்தை அளந்துகொண்டு போங்கள். தலையைப் பின்னால் தள்ளும்போது தண்டுகள் மெஷினுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நிற்கும். முன் கைப்பிடியிலிருந்து தண்டின் முனை வரை சேர்த்தால் ஒரு மீட்டரை நெருங்கும் மெஷின்கள் உண்டு. சுவரோரம் வைக்கத்தான் இடம் என்றால், தண்டு பின்னால் நீளாத வகையாகப் பாருங்கள்.

கடையில் பிளக்கைப் போடாமல் தலையை முழுசாக முன்னால் இழுத்து, கைப்பிடியைப் பிடித்து இடம் வலமாக அசைத்துப் பாருங்கள். அங்கே ஆட்டம் தெரிந்தால் அந்த மெஷினை நான் எடுக்க மாட்டேன். வெட்டுக்கோடு காட்டுவதில் லேசரைவிட நிழல் விழும் விளக்கு எனக்குப் பிடிக்கும். பிளேடின் நிழலே கோடாக விழுவதால், பிளேடு மாற்றினாலும் கோடு தப்பாது.

கேள்வி: சகோதரி, வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு மரவேலை பழகுகிறேன். போன வாரம் அகலமான பலகை ஒன்றை வெட்டும்போது, பிளேடு மரத்தின் மேல் ஏறி என்னை நோக்கிப் பாய்ந்தது. கை நடுங்கிவிட்டது. மெஷினில் கோளாறா?
(மறுபடி தொடத் தயங்கும் வாசகர்)

பதில்: ஐயா, உங்களுக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதே பெரிய நிம்மதி. மெஷினில் கோளாறு இருக்க வாய்ப்பு குறைவு. பலகையில் பிளேடை இறக்கிவிட்டு, உங்களை நோக்கி இழுத்து வெட்டியிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். கைரம்பம் பழகிய நமக்கு இழுத்து வெட்டுவது இயல்பாக வந்துவிடுகிறது.

பிளேடு சுற்றும் திசையைப் பாருங்கள். உங்கள் பக்கம் இருக்கும் பற்கள் கீழே இறங்கி, அடியில் பின்னோக்கி ஓடி, ஃபென்ஸ் (பலகையை அணைத்து வைக்கும் பின்தடுப்பு) பக்கம் மேலே ஏறுகின்றன. அப்படிச் சுற்றும் வண்டிச் சக்கரத்தைத் தரையில் வைத்தால் அது உங்களை நோக்கித்தான் உருளும். ஓடும் பிளேடை மரத்தில் வைத்து உங்கள் பக்கம் இழுக்கும்போது அதுதான் நடக்கிறது. மரத்தை அறுப்பதற்குப் பதிலாகப் பிளேடு அதன் மேல் ஏறி ஓடி வருகிறது. நீங்கள் இழுக்கிற விசையும் அதோடு சேர்ந்துகொள்கிறது. பின்னோக்கித் தள்ளி வெட்டினால் பற்கள் உங்கள் தள்ளுதலை எதிர்க்கும். வேகம் உங்கள் கையில் இருக்கும், மரமும் ஃபென்ஸோடு ஒட்டி நிற்கும்.

அதனால் அகலப் பலகைக்கு வரிசை இதுதான். பிளேடு நிற்கும்போதே தலையை முன்னால் இழுத்துக்கொள்ளுங்கள். சுவிட்சை அழுத்தி, முழு வேகம் வரட்டும். பலகையின் முன் விளிம்பில் இறக்குங்கள். அப்புறம் நிதானமாகப் பின்னால் தள்ளுங்கள். வெட்டி முடிந்ததும் சுவிட்சை விடுங்கள், ஆனால் தலையைத் தூக்காதீர்கள். பிளேடு முழுசாக நின்ற பிறகுதான் தூக்க வேண்டும். சுற்றும் பிளேடைத் தூக்கினால் அறுந்த துண்டைக் கவ்வி எறியும். பயிற்சிக்கு, பிளக்கைக் கழற்றிவிட்டு இந்த அசைவை இருபது தடவை செய்யுங்கள். என்னிடம் பழக வருபவர்கள் எல்லோரையும் அப்படித்தான் தொடங்க வைக்கிறேன். ஒடுக்கமான சட்டத்துக்குச் சறுக்கலே வேண்டாம். தண்டைப் பூட்டிவிட்டு நேராக இறக்கி வெட்டுங்கள்.

கை பிளேடிலிருந்து குறைந்தது 150 மி.மீ. தள்ளியிருக்க வேண்டும் என்பது பொதுவான விதி. நான் ஒரு சாண் என்று வைத்திருக்கிறேன். கட்டைவிரலும் சுண்டுவிரலும் விரிந்த அளவு மனதிலேயே இருக்கும், அளக்க வேண்டியதில்லை. காரணமும் சொல்கிறேன். பல வருடம் முன்னால், இழுப்பறைக் கைப்பிடிக்காக 80 மி.மீ. துண்டு ஒன்றை விரலால் பிடித்தே வெட்டினேன். பிளேடு அதைத் திருகி எடுத்து ஃபென்ஸில் அடித்தது. என் ஆள்காட்டி விரல் நகம் பெயர்ந்துபோனது. இரண்டு அங்குலம் தள்ளிப் பட்டிருந்தால் விரலே போயிருக்கும். அன்றிலிருந்து சின்னத் துண்டை நான் கையால் பிடிப்பதே இல்லை. நீளமான கட்டையைப் பிடித்துக்கொண்டு அதன் நுனியிலிருந்து துண்டை அறுத்தெடுப்பேன். அது முடியாதபோது கிளாம்ப், அதாவது இறுக்கிப் பிடிக்கும் கவ்வி. இடது கையை வலது கைக்குக் குறுக்கே கொண்டுபோய் மரத்தைப் பிடிப்பதும் வேண்டாம்.

வளைந்த பலகையில் புடைத்த பக்கம் ஃபென்ஸைத் தொட வேண்டும். வெட்டும் இடத்தில் பலகைக்கும் ஃபென்ஸுக்கும் நடுவே இடைவெளி இருந்தால், அறுந்ததும் இரண்டு பாதியும் உள்ளே சாய்ந்து பிளேடை நெரிக்கும்.

கண்ணாடி, காதுக்கவசம், மூக்குக்கு முகக்கவசம் மூன்றையும் கேட்காமலே சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1995-இல் வெளியிட்ட அறிக்கையிலேயே மரத்தூளை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பிரிவில் வைத்துவிட்டது. மெஷினோடு வரும் துணிப்பை பாதித் தூளைக்கூடப் பிடிப்பதில்லை. வேக்குவம் கிளீனர் குழாயை மாட்டுங்கள், அப்போதும் முகக்கவசத்தைக் கழற்றாதீர்கள்.

கேள்வி: படச்சட்டம் செய்கிறேன். 45 டிகிரியில் பூட்டித்தான் எட்டு முனையும் வெட்டினேன். மூன்று மூலை அழகாகச் சேர்கிறது, நாலாவது வாய் பிளந்து நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: தப்பு நாலாவது மூலையில் இல்லை. எட்டு வெட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக இருக்கிறது. ஒவ்வொன்றிலும் அரை டிகிரி பிசகினால் மொத்தம் நான்கு டிகிரி. மூன்று மூலையை நீங்கள் அழுத்திச் சேர்த்துவிடுவதால் அவ்வளவும் கடைசி மூலையில் போய்க் குவிகிறது. சட்டம் 60 மி.மீ. அகலமென்றால் அங்கே ஆறு மி.மீ. இடைவெளி வரும். எங்கள் கணக்கில் ஏறக்குறைய இரண்டு நூல் (ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு). மர மக்கை வைத்து அடைக்கிற அளவு இல்லை அது.

மெஷினில் அச்சிட்ட டிகிரிக் கோட்டை நம்பாதீர்கள். புது மெஷினானாலும் முதலில் சோதிக்க வேண்டும். இரண்டு ஓரமும் இணையாக இழைத்த, 150 மி.மீ. அகலப் பலகையை எடுத்து, மேல்முகத்தில் ஒரு குறி போட்டு, சுழியத்தில் வைத்து நடுவில் வெட்டுங்கள். ஒரு பாதியை அப்படியே வைத்து, மற்றதைக் கவிழ்த்துப் போட்டு, இரண்டையும் ஒரு நேரான கட்டையோடு அணைத்து முனைகளைச் சேருங்கள். இடைவெளி தெரிந்தால், உண்மையான பிசகு அதில் பாதி. பிசகை இரண்டு மடங்காக்கிக் காட்டுவதால், மூலைமட்டத்தில் தெரியாததுகூட இதில் தெரிந்துவிடும். ஃபென்ஸின் திருகுகளைத் தளர்த்தி நேராக்கி, மறுபடி வெட்டிப் பாருங்கள். எனக்கு நாலைந்து தடவை ஆகும். அந்த அரை மணி நேரத்தை நான் ஒருநாளும் வீண் என்று நினைத்ததில்லை. பிளேடு மேசைக்குச் செங்குத்தாக நிற்கிறதா என்பதையும் ஒரு கனமான கட்டையை நிறுத்தி வைத்து இதே முறையில் பார்க்கலாம்.

படச்சட்டத்துக்கு இன்னொரு வழி உண்டு. ஒவ்வொரு சட்டத்துக்கும் ஒரு முனையை இடது 45-இலும் மறு முனையை வலது 45-இலும் வெட்டுங்கள். ஃபென்ஸ் கொஞ்சம் கோணலாக இருந்தால் ஒன்று 45.3, மற்றது 44.7 என்று வரும். மூலையில் இரண்டும் சேரும்போது 90 ஆகிவிடும்.

நீளத்தையும் பாருங்கள். எதிரெதிர்ச் சட்டங்கள் ஒரு மயிரிழைகூட மாறக்கூடாது. தனித்தனியாக அளக்காமல், ஒரு தடுப்புக் கட்டையை கிளாம்ப் போட்டு அதில் முட்டி வெட்டுங்கள். தடுப்பு, நீங்கள் பிடித்திருக்கும் பக்கம் மட்டும் இருக்கட்டும். அறுந்து விழும் துண்டு தடுப்புக்கும் பிளேடுக்கும் நடுவே மாட்டினால் பறக்கும்.

கேள்வி: இரண்டு மீட்டர் பலகையில் 500 மி.மீ. துண்டு நான்கு எடுக்கப் பார்த்தேன். கடைசித் துண்டு குறைகிறது. ஏன்?

பதில்: பிளேடின் கனத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. 2.4 மி.மீ. பிளேடு என்றால் மூன்று வெட்டில் 7.2 மி.மீ. தூளாகப் போய்விடும். குறிக்கோட்டின் மேலே வெட்டாமல், வீணாகும் பக்கம் பிளேடை வைத்து வெட்டுங்கள்.

கேள்வி: பிளைவுட் வெட்டினால் ஓரமெல்லாம் சிம்பு பெயர்கிறது. வீட்டில் இருக்கும் டேபிள் சா (மேசைக்கு அடியிலிருந்து பிளேடு நீட்டி நிற்கும் ரம்பம்) பிளேடை இதில் போடலாமா?

பதில்: அளவு சரியாக இருந்தாலும் போடாதீர்கள். டேபிள் சா பிளேடுகளில் பற்கள் பெரும்பாலும் 15, 20 டிகிரி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும். சறுக்கும் மெஷினில் அது மரத்தைக் கவ்வி இழுக்கும். மேலே அந்த ஐயா சொன்ன பாய்ச்சல் இன்னும் மோசமாகும். பல்லின் சாய்வு மைனஸ் 5-இலிருந்து பிளஸ் 5 டிகிரிக்குள் உள்ள பிளேடு வாங்குங்கள். மெஷினோடு வருவது பெரும்பாலும் 24 அல்லது 40 பல்தான். பிளைவுட்டுக்கு 60 முதல் 80 பல் வேண்டும். நடு ஓட்டை உங்கள் மெஷினுக்குப் பொருந்துகிறதா, பிளேடில் அச்சிட்ட உச்ச வேகம் மெஷின் வேகத்தைவிட அதிகமா என்பதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெட்டும் கோட்டில் காகித டேப் ஒட்டி, அடியிலும் பின்னாலும் ஒரு வீண் பலகை வைத்து வெட்டினால் சிம்பு வெகுவாகக் குறையும். பலகையை நீளவாக்கில் கிழிக்க மட்டும் இந்த மெஷினை எடுக்காதீர்கள். இது குறுக்கே வெட்டப் பிறந்தது.

கேள்வி: பக்கங்கள் வெளியே சாய்ந்த பூச்செடிப் பெட்டி செய்ய ஆசை. 45-இல் வெட்டினால் மூலை சேரவே இல்லை. திருப்பமும் சாய்வும் எவ்வளவு வைப்பது?

பதில்: காம்பவுண்ட் என்ற பெயருக்கு அர்த்தமே இந்த வேலைதான். நிமிர்ந்து நிற்கும் பெட்டிக்கு மேசைத் திருப்பம் சுழியம், பிளேடு சாய்வு 45. தரையில் படுத்த சட்டத்துக்கு மேசை 45, சாய்வு சுழியம். உங்கள் பெட்டி இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது, அதனால் இரண்டும் கொஞ்சம் கொஞ்சம் வேண்டும். நான்கு பக்கமும் செங்குத்திலிருந்து 10 டிகிரி வெளியே சாய்ந்தால் மேசையை 9.9-க்கும் பிளேடை 44.1-க்கும் வையுங்கள். 15 டிகிரி என்றால் மேசை 14.5, பிளேடு 43.1.

தசம எண்ணில் பூட்டுவது கடினமாகத் தெரிந்தால் இன்னொரு முறை இருக்கிறது. பலகையைப் படுக்க வைக்காமல், பெட்டியில் எப்படிச் சாய்ந்து நிற்குமோ அதே சாய்வில் ஃபென்ஸுக்கு முன்னால் நிறுத்தி, அடியில் நழுவாமல் ஒரு பட்டியை அறைந்துகொள்ளுங்கள். அப்போது மேசையை 45-க்குத் திருப்பினால் போதும், பிளேடைச் சாய்க்கவே வேண்டாம். உயரமான பலகைக்கு இது ஒத்துவராது. பூச்செடிப் பெட்டிக்குத் தாராளமாகப் போதும். நல்ல மரத்தைத் தொடுவதற்கு முன்னால், அதே அகலத்தில் வீண் பலகையை எடுத்து நாலு பக்கமும் வெட்டி, டேப் சுற்றி நிறுத்திப் பாருங்கள். மூலை சேரவில்லை என்றால் எந்தப் பக்கம் திறக்கிறது, உள்ளேயா வெளியேயா என்று குறித்து எழுதுங்கள், அடுத்த இதழில் பார்ப்போம்.