புதுச்சேரி: வாய்க்காலுக்கு மேற்கே

அன்புள்ள ஐயா,

போன மாதம் குடும்பத்தோடு புதுச்சேரி போயிருந்தோம். கடற்கரையை ஒட்டிய பிரெஞ்சுப் பகுதி முழுக்க நடந்தோம். நூல் பிடித்தது போல நேரான தெருக்கள், மஞ்சள் சுவர்கள், உயரமான ஜன்னல்கள். பிரெஞ்சுக்காரர்களின் நகரமைப்பு அறிவை வியக்காமல் இருக்க முடியவில்லை. பிரெஞ்சுப் பகுதியையும் தமிழ்ப் பகுதியையும் பிரிக்கும் வாய்க்காலைத் தாண்டிப் போகவில்லை. அந்தப் பக்கம் பார்க்க ஏதும் உண்டா?

எம்., திருப்பூர்

அன்புள்ள எம்.,

வியப்பு சரிதான். ஆனால் பாராட்டில் பாதி டச்சுக்காரர்களுக்குப் போக வேண்டும். 1693இல் ஊரைப் பிடித்து 1699 வரை வைத்திருந்தார்கள். குறுக்கும் நெடுக்குமான நேர் தெருக்களுக்கு வரைபடம் போட்டவர்கள் அவர்கள்தான். திரும்பி வந்த பிரெஞ்சுக்காரர்கள் அதையே தொடர்ந்தார்கள்.

அப்புறம், நீங்கள் பார்த்தது பிரெஞ்சு கவர்னர் டூப்ளே கண்ட ஊரும் அல்ல. 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி கடலூரை அடுத்த ஆங்கிலேயரின் புனித டேவிட் கோட்டையை இடித்தார். 1761 ஜனவரியில் புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்ததும் பதிலுக்குப் பதில். கோட்டையோடு ஊரையும் இடித்துத் தள்ளினார்கள். 1765இல் ஊர் திரும்பக் கிடைத்த பிறகு, பழைய தெருக்கோட்டின் மேலேயே கட்டி எழுப்பியதுதான் இன்றைக்கு நாம் படம் எடுத்துக்கொள்ளும் ஊர்.

மேற்கே பார்க்க ஏதும் உண்டா என்கிறீர்கள். இந்த இடிப்புக்குத் தப்பிய வீடே அங்கேதான் இருக்கிறது! பெரிய மார்க்கெட்டுக்குப் பக்கத்தில், 1730களில் எழுந்த ஆனந்தரங்கப் பிள்ளை வீடு. டூப்ளேயின் துபாஷ் (மொழிபெயர்ப்பாளரும் வணிகத் தரகரும்), 1736 முதல் நாட்குறிப்பு எழுதியவர், ஊர் விழுவதற்குச் சில நாள் முன்புதான் கண்ணை மூடினார். அவர் வீட்டில் கீழே முற்றத்தைச் சுற்றி நம்மூர் மரத்தூண்கள். தலையை நிமிர்த்தினால் மேலே பிரெஞ்சுப் பாணியில் காரைத் தூண்கள்.

இந்தக் கலப்பு பிற்பாடு வசதியான தமிழர்களுக்குப் பிடித்துப்போனது. வைசியாள் வீதியில் நடந்தால் தெரியும். கீழ்த்தளத்தில் திண்ணை, அதன்மேல் தெருவை ஒட்டி ஓட்டுச் சாய்ப்போடு தாழ்வாரம், செதுக்கிய கதவு. மாடியில் வளைவு ஜன்னல், மரச் சட்டக் கதவுகள், காரைப் பூவேலை. கிழக்கே வீடுகள் உயர்ந்த மதிலும் பெரிய கேட்டும் வைத்துத் தோட்டத்தை உள்ளே ஒளித்துக்கொள்கின்றன. தமிழ் வீடோ தெருவில் போகிறவனுக்கும் உட்கார இடம் கொடுத்துவிட்டு, தன் அந்தரங்கத்தை முற்றத்துக்குள் வைத்துக்கொள்கிறது. எனக்கு இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.

வைசியாள் வீதியின் முகப்புகளைச் சீரமைத்ததற்கு 2008இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுப் பாதுகாப்பு விருது கிடைத்தது. மற்ற தெருக்களில் திண்ணைக்குக் கம்பிக் கதவு போட்டுக் கடையாக்கிவிட்டார்கள். வீட்டுக்காரர்களை மட்டும் திட்டிப் பயனில்லை; சுண்ணாம்புக் காரை பூசவும், உத்திரத்தின் மேல் செங்கல்லைச் செங்குத்தாக அடுக்கித் தளம் போடவும் ஆள் கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் செலவு எக்கச்சக்கம்.

அடுத்த முறை காலையிலேயே கிளம்பி, மேற்கிலிருந்து தொடங்குங்கள். மார்க்கெட் பக்கம் பத்து மணிக்கு மேல் நிமிர்ந்து பார்த்து நடக்க முடியாது, யாராவது இடித்துவிடுவார்கள்.