புல்லுக்குக் காவலா?

அன்புள்ள அண்ணா,

நான் இலங்கையில், மஸ்கெலியாவில் பிறந்தவன். இப்போது ஒன்ராறியோவில் வேலை. வார இறுதிகளில் ஒரு பனிச்சறுக்கு மலையில் ஸ்கீ ரோந்துத் தொண்டனாக நிற்கிறேன்; சறுக்கி விழுந்தவர்களுக்கு முதலுதவி செய்து கீழே இறக்குவது எங்கள் வேலை. 2023–24 குளிர்காலம்தான் கனடாவில் பதிவானவற்றிலேயே மிக வெப்பமானது என்றார்கள். எங்கள் மலையில் பாதிக்கு மேற்பட்ட பாதைகள் மூடிக்கிடந்தன. அதோடு மனம் விட்டுப்போய்விட்டது. சம்பளமும் இல்லை, சறுக்கப் பனியும் இல்லை. "புல்லுக்கா காவல் நிற்கிறாய்?" என்று வீட்டில் கேட்கிறார்கள். விலகிவிடலாமா? இன்னொன்று, எங்களுடைய பழைய முதலுதவிச் சாமான்களைச் சிவனொளிபாதமலை யாத்திரை சீசனுக்கு அனுப்பினால் பயன்படுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் வீட்டார் கேட்டதைப் படித்துச் சிரித்துவிட்டேன். நான் சறுக்குப்பலகையில் கால் வைத்ததில்லை. நுவரெலியாவில் ஜனவரி விடியலில் புல்மேல் உறைந்து கிடக்குமே, அந்த வெள்ளைதான் நான் பார்த்தது. அதுவே தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும். அதனால் உங்கள் மலையைப் பற்றிச் சொல்வதெல்லாம் படித்ததும் கேட்டதும்தான். பிழை இருந்தால் எழுதுங்கள்.

பனி குறைந்தால் காவலுக்கும் வேலை குறையும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. நடப்பது வேறு. வெப்பநிலை பூச்சியத்துக்குக் கீழே இரண்டு மூன்று டிகிரியாவது இறங்கினால்தான் இயந்திரத்தால் பனி தூவ முடியும். கிடைக்கிற குளிர் இரவுகளில் ஒன்றிரண்டு பாதைகளுக்கு மட்டும் தூவுகிறார்கள். வெள்ளை நாடா மாதிரி ஒரு பாதை, இரண்டு பக்கமும் புல்லும் கல்லும். முன்பு மலை முழுக்கப் பரவியிருந்த கூட்டத்தில் வருகிறவர்கள் எல்லோரும் அந்த ஒன்றில்தான் இறங்க வேண்டும். நேற்றுப் பழகியவரும் பத்து வருடம் சறுக்கியவரும் ஒரே பாதையில் வந்தால் மோதாமல் என்ன செய்வார்கள்? பகலில் இளகிய பனி இரவில் உறைந்து காலையில் கண்ணாடி போலக் கிடக்கும். கல் தலைநீட்டும் இடத்திலெல்லாம் மூங்கில் கம்பு நட்டுக் கயிறு கட்டுவது யார்? மாலையில் மலை மூடியபின், யாரும் விழுந்து கிடக்கவில்லை என்று பார்த்துக்கொண்டே கடைசியாக இறங்குவது யார்? திறந்த பாதைகள் குறைந்தாலும் இந்த வேலைகள் அப்படியேதான் இருக்கின்றன.

எங்கள் சிவனொளிபாதமலையில் இது தலைகீழ். மார்கழிப் போயா (பௌர்ணமி) தொடங்கி வெசாக் போயா வரை சீசன் என்பது உங்களுக்கே தெரியும். வார இறுதியில், போயா இரவில் ஒருவர் படியில் உட்கார்ந்துவிட்டால் பயமில்லை. பின்னால் வருகிற பத்துப் பேர் தண்ணீர் கொடுப்பார்கள், காலை நீவிவிடுவார்கள், ஒரு ஆச்சி சித்தாலேப களிம்பு தேய்த்துவிடுவார். கூட்டமே அங்கே முதலுதவி. மழை பிடித்த ஒரு வார நாள் இரவை நினைத்துப் பாருங்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் நாடு தவித்தபோதும் அப்படித்தான் வருகிறவர்கள் சுருங்கினார்கள். பாதிக் கடைகள் பூட்டு. மேலே கைப்பிடிக் கம்பி தொடங்கும் செங்குத்தான பகுதியில், இறங்கி வந்த ஒரு பெரியவர் உட்கார்ந்திருப்பார். ஆடுசதை தானாகத் துடித்துக்கொண்டிருக்கும், முழங்கால் மடங்காது, சாரம் நனைந்து ஒட்டியிருக்கும். கேட்டால் "ஒன்றுமில்லை தம்பி, கொஞ்சம் இளைப்பாறுகிறேன்" என்பார். அரை மணி நேரத்துக்கு அந்த வழியே வேறு யாரும் வரமாட்டார்கள். ஏறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். மனிதரை உட்கார வைப்பது இறக்கம்.

உங்கள் வேலை பிறந்த கதை தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். 1936இல் வெர்மான்ட் மாநிலத்தின் ஸ்டோ மலையில் மைனட் டோல் என்பவர் விழுந்து கணுக்காலை முறித்துக்கொண்டார். தூக்கி வர ஆளும் இல்லை, சாமானும் இல்லை. கூட வந்தவர்கள் கூரைத் தகரம் ஒன்றைத் தேடிப்பிடித்து அதில் வைத்து இழுத்து வந்தார்கள். (தேயிலைத் தோட்டத்து லயத்துப் பிள்ளைகளுக்கு இதில் ஆச்சரியம் ஏதும் இராது. பாதை இல்லாத தோட்டப் பிரிவில் (டிவிஷனில்) நோயாளியைச் சாக்கும் கம்பும் வைத்துத் தூக்கி வந்தவர்கள் நாம்.) அன்று உதவிய நண்பர் ஒருவர் அதே வருடம் சறுக்குப் போட்டி ஒன்றில் அடிபட்டு இறந்துபோனார். 1938இல் அமெரிக்காவின் தேசிய ஸ்கீ ரோந்து அமைப்பை டோல் தொடங்கினார். நல்ல பனி விழுந்ததைக் கொண்டாடத் தொடங்கியது இல்லை அது.

சரி, விலகலாமா? இலவசமாகச் சறுக்கலாம் என்றுதான் பலர் ரோந்தில் சேர்கிறார்கள். அதில் தப்பேதும் இல்லை. பனி இல்லாத வருடத்தில் அந்தக் கூலியும் போய்விடுகிறது, ஆட்கள் கழன்றுகொள்கிறார்கள். உறைந்த சரிவில் நோயாளியோடு சறுக்குவண்டியை இறக்கத் தெரிந்தவர் ஒருவர் போனால், அடுத்த நல்ல சீசனுக்கு முதல் வாரத்திலேயே இன்னொருவரை உருவாக்கிவிட முடியாது. ஆகவே என் அபிப்பிராயம்: விலகத்தான் வேண்டுமென்றால் ஒரு நல்ல சீசனின் முடிவில், புதியவர் இரண்டு பேருக்குப் பழக்கிக் கொடுத்துவிட்டு விலகுங்கள். உடம்புக்கு முடியவில்லை, வீட்டில் சின்னப் பிள்ளை இருக்கிறது என்றால் கதை வேறு. அப்போது யாரையும் கேட்க வேண்டாம்.

அப்புறம் சாமான்கள். சறுக்குவண்டி வேண்டாம், படிக்கட்டில் அது உருண்டுவிடும். சிவப்பு ஜாக்கெட்டும் வேண்டாம். முக்கோணக் கட்டுத்துணி, முறிவுக்கு வைத்துக் கட்டும் மட்டைகள், நெற்றியில் கட்டும் நல்ல விளக்கு, மடக்கு ஸ்ட்ரெச்சர், இவை உதவும். அனுப்புவதற்கு முன் சுங்கத்தில் என்ன கேட்பார்கள் என்று விசாரித்துவிடுங்கள்.

அதைவிட, நீங்களே வந்தால் என்ன? உங்கள் சீசன் ஏப்ரலுக்குள் முடிந்துவிடும், எங்களுடையது வெசாக் வரை போகும். மலையடிவாரத்து நல்லதண்ணிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் கட்டுப்போடவும் தூக்கவும் பழக்கிக் கொடுங்கள். மேலே ஏறுவதாக இருந்தால் மட்டும் இப்போதே முழங்காலுக்குப் பயிற்சி தொடங்குங்கள். படிகள் ஐயாயிரத்துக்கு மேல், அங்கே லிஃப்ட் கிடையாது.